பலகை விழுந்தால் யார் பொறுப்பு?

காற்றடித்தது, பலகை விழுந்தது, 17 பேர் மாண்டனர். 2024 மே 13-ஆம் நாள் மாலை மும்பை காட்கோபரில் நடந்ததை இந்த மூன்று வரிகளில் எழுதி மூடிவிட நினைப்பவர்கள் நாட்டில் ஏராளம். காற்றின்மேல் வழக்குப் போட முடியாது அல்லவா? இறந்தவர் குடும்பத்துக்கு ஓர் அனுதாபச் செய்தி, நஷ்டஈடு என்று ஒரு தொகை, நாலு நாள் பரபரப்பு. பிறகு ஐந்தாம் நாள் அடுத்த தெருவில் அடுத்த பலகை ஏறும்.

தோழர்களே! அன்று வீசிய காற்று அந்த வட்டாரம் முழுவதற்கும் பொதுவாகத்தான் வீசியது. ஆனால் பெட்ரோல் பங்க்கின்மேல் சாய்ந்தது எது? 120 அடி அகலமும் 120 அடி உயரமும் கொண்ட ஓர் இரும்புப் பூதம். மும்பை மாநகராட்சி அனுமதிக்கும் பெரிய அளவோ 40 அடிக்கு 40 அடி. பெருக்கிப் பாருங்கள். விதி சொன்னது 1,600 சதுர அடி. நின்றது 14,400 சதுர அடி. ஒன்பது மடங்கு! இடுப்பில் செருகி மறைத்துவைக்கக்கூடிய பொருளா இது? ஊரே அண்ணாந்து பார்த்தது. நாட்டிலேயே பெரிய பலகை என்று சாதனைப் புத்தகத்தில்கூட இடம் பிடித்தது. அதிகாரிகளின் கண்ணுக்கு மட்டும் தெரியவில்லை!

பலகை என்பது காற்றுக்கு எதிரே நிறுத்திய பாய். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அதன்மேல் விழும் அழுத்தம் நான்கு மடங்காகும். பரப்பு ஒன்பது மடங்கானால் தள்ளும் பளுவும் ஒன்பது மடங்கு. உயரம் கூடக்கூட அடியைப் பெயர்க்கும் விசையும் கூடும். கடப்பாரை பிடித்த கைக்கு இதை யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. சென்னைக்கு இந்தியத் தர விதிகள் குறித்திருக்கும் அடிப்படைக் காற்று வேகம் வினாடிக்கு 50 மீட்டர், அதாவது மணிக்கு 180 கிலோமீட்டர். கோவைக்கு 39 மீட்டர். கோவைக் கணக்குப்படி செய்த சட்டத்தை அப்படியே கொண்டுவந்து சென்னையில் நட்டால், அது ஒன்றரை மடங்குக்கு மேல் அழுத்தத்தைத் தாங்கியாக வேண்டும். பலகைக்கு அளவு, உயரம், பொறியாளர் சான்று என்றெல்லாம் சட்டம் கேட்பது குமாஸ்தாவின் பிடிவாதத்தால் அல்ல. கீழே நடந்து போகிறவன் தலைக்காகக் கேட்கிறது.

‘எங்கள் இடம், எங்கள் இஷ்டம்’

அந்தப் பலகை நின்ற நிலம் யாருடைய கையில் இருந்தது? ரயில்வே போலீசாரின் கையில். அனுமதி கொடுத்ததும் அந்தப் போலீஸ் அலுவலகமே. நாங்கள் அனுமதி தரவில்லை என்றது மாநகராட்சி. ஆக, சட்டத்தைக் காக்கும் இலாகாவின் மண்ணிலேயே, அந்த ஊரின் விதியை ஒன்பது மடங்கு மீறிய பலகை நின்றது. பலகை நன்றாகத் தெரியட்டும் என்று அந்தப் பகுதி மரங்களுக்கு யாரோ விஷம் வைத்துவிட்டதாக மாநகராட்சியே 2023-இல் போலீசில் புகார் கொடுத்திருந்தது. மரத்துக்கு விஷம் வைத்த நாளிலேயே விழித்திருந்தால் மனிதர்கள் பிழைத்திருப்பார்கள். விபத்துக்குப் பிறகு ஓய்வுபெற்ற நீதிபதி திலீப் போசலே தலைமையில் விசாரணைக் குழு வந்தது. உயர் போலீஸ் அதிகாரி ஒருவர் தற்காலிகமாக வேலை நீக்கம் செய்யப்பட்டார். எல்லாம் பின்னால்!

இது முதல் தடவையும் அல்ல. 2018 அக்டோபரில் புனே நகரில், ரயில்வே நிலத்தில் நின்ற பலகையின் இரும்புச் சட்டத்தை அகற்றும்போது அது சாலையில் சாய்ந்து நான்கு பேர் மாண்டனர். 2023 ஏப்ரலில் அதே புனேயை ஒட்டிய பிம்ப்ரி சிஞ்ச்வட்டில் மழைக்கு ஒதுங்கி நின்றவர்கள்மேல் பலகை விழுந்து ஐந்து உயிர் போயிற்று. ‘நிலம் எங்களுடையது, ஊராட்சிக்கும் நகரசபைக்கும் இங்கே என்ன வேலை’ என்பது பெரிய சொத்துக்காரர்களின் பழைய பேச்சு. அந்தப் பேச்சை சர்க்கார் இலாகாக்களே பேச ஆரம்பித்தால் யாரிடம் போய் முறையிடுவது? நிலம் யாருடையதாகவும் இருக்கட்டும். பலகை விழுவது சாலையில் அல்லவா?

மராட்டியத்துக் கதை நமக்கெதற்கு என்று கேட்காதீர்கள். 2023 ஜூன் முதல் தேதி, கோவை மாவட்டம் கருமத்தம்பட்டியில் நெடுஞ்சாலையோரம் பலகை ஏற்றிக்கொண்டிருந்த மூன்று தொழிலாளிகள் அந்தச் சட்டம் சரிந்து மாண்டார்கள். காட்கோபரில் செத்தவர்கள் வழியில் வந்தவர்கள். கருமத்தம்பட்டியில் செத்தவர்கள் அன்றாடக் கூலிக்கு மேலே ஏறியவர்கள். பலகையில் சிரிக்கும் முகம் யாருடையது, அதில் விற்கும் பண்டம் எவருடையது என்பதெல்லாம் அவர்களுக்குச் சம்பந்தமே இல்லாத விஷயம்.

மாடியை வாடகைக்கு விடுமுன்

நம் மாநிலத்தில் சட்டம் இல்லாமல் இல்லை. சென்னை மாநகராட்சிச் சட்டத்தில் 1998-இலேயே விளம்பரப் பலகைகளுக்கென்று தனி அத்தியாயம் சேர்த்தார்கள். 2003-இல் உரிம விதிகள் வந்தன. பலகைக் கம்பெனிகள் நீதிமன்றப் படியேறின. தனியார் கட்டடத்தின் மாடியில் நாங்கள் வைக்கிறோம், சாலையை அடைக்கவில்லையே என்பது அவர்கள் வாதம். 2008-இல் உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டம் செல்லும் என்று தீர்ப்பளித்தது. அதன்பிறகுதான் சென்னையின் பெரிய சாலைகளில் இரும்புக் காடு வெட்டப்பட்டு வானம் தெரிந்தது. அந்தக் காட்சியைப் பார்த்தவர்கள் நம் தோழர்களில் பலர் இருப்பீர்கள்.

காடு மறுபடி முளைப்பதற்குக் காரணம் உண்டு. 2016-இல் அரசியல் சட்டத்தின் 101-ஆவது திருத்தம், விளம்பர வரி போடும் அதிகாரத்தை மாநிலப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. மறு வருஷம் ஜி.எஸ்.டி. வந்தது. நகரசபைகளுக்கு இந்த இனத்தில் மிச்சமிருப்பது உரிமக் கட்டணம். கஜானா காய்ந்த நகரசபைக்குப் பலகை என்றால் வருமானம். வருமானம் தரும் பொருளை அளவெடுத்துக் குறைக்கச் சொன்னால் கை கூசும். நிதிக் கதவுகளை ஒவ்வொன்றாகச் சாத்திவிட்டு, நகரசபையைப் பார்த்து ‘நீ கண்டிப்பாயிரு’ என்று உபதேசம் செய்வது எந்த ஊர் நியாயம்?

2023 ஏப்ரலில் தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் விதிகள் நடைமுறைக்கு வந்தன. சொந்த வீடோ கடையோ வைத்திருக்கும் தோழர்கள் இங்கே கொஞ்சம் கவனிக்க வேண்டும். ஒரு கம்பெனி ஏஜெண்டு வருகிறான். “அண்ணே, மாடி சும்மாதானே கிடக்கிறது? நாலு கம்பி நட்டுக்கொள்கிறோம், மாதம் பிறந்தால் வாடகை” என்கிறான். இருபது ரூபாய் முத்திரைத் தாளில் கையெழுத்து வாங்குகிறான். அந்தக் காகிதம் உரிமம் அல்ல. உங்கள் சம்மதத்துக்கு அத்தாட்சி, அவ்வளவே. உரிமம் தர வேண்டியது நகராட்சி அல்லது மாநகராட்சி ஆணையர். அதற்குக் கட்டடமும் சட்டமும் தாங்கும் என்று பொறியாளர் தரும் சான்று வேண்டும். போக்குவரத்துப் போலீசின் ஆட்சேபமில்லை என்ற கடிதம் வேண்டும். உரிமத்துக்குக் காலக்கெடு உண்டு. கெடு முடிந்தபின் நிற்கும் பலகை, அனுமதியில்லாத பலகைதான். கருமத்தம்பட்டி விபத்தை ஒட்டி அரசு செய்த அறிவிப்பு, விபத்து நேர்ந்தால் கம்பெனியோடு இடத்தின் சொந்தக்காரரையும் பொறுப்பாக்கியது. வாடகை என்னவோ மாதம் ஒரு தடவைதான் வரும். கோர்ட்டுச் சம்மன் அப்படி நாள் பார்த்து வராது. கம்பெனி பெயரை மாற்றிக்கொண்டு போய்விடும். வீட்டைத் தூக்கிக்கொண்டு நீங்கள் எங்கே போவது? உரிமத்தின் நகலைக் கையில் வாங்காமல் ஒரு கம்பியும் மாடியில் ஏற விடாதீர்கள்.

இன்னொரு பயம் சிறு கடைக்காரர்களிடம் இருக்கிறது. சலூன் வைத்திருப்பவர், சைக்கிள் கடை வைத்திருப்பவர், தையல்காரர், தன் கடை வாசலில் தன் பெயர் எழுதி மாட்டிய பலகையையும் பெயர்த்துப் போய்விடுவார்களோ என்ற பயம். ஊரார் சரக்கை விளம்பரம் செய்ய வாடகைக்கு நிற்கும் பலகை வேறு. தன் கடைக்குத் தன் முகப்பில் மாட்டிய பெயர்ப்பலகை வேறு. இந்த வேற்றுமை சட்டத்தில் நெடுநாளாக இருந்து வருகிறது. பெயர்ப்பலகை சுவரோடு ஒட்டி நிற்க வேண்டும், நடைபாதைமேல் துருத்தக் கூடாது, மின்சார ஒயர் பக்கம் போகக் கூடாது. மொழி விஷயத்தில் தொழிலாளர் துறையின் விதி உண்டு. 1947-ஆம் ஆண்டுக் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தின்கீழ் வந்த விதிகளின்படி தமிழ் முதலிடத்திலும் பெரிதாகவும் இருக்க வேண்டும். தமிழ், ஆங்கிலம், பிற மொழி என்று எழுதினால் 5-க்கு 3-க்கு 2 என்ற அளவு. அண்ணாசாலையில் பெரிய கம்பெனிகளின் வாசலில் அளவுகோலை வைத்துப் பார்த்தால் தெரியும், இந்த விதியை யார் மதிக்கிறார்கள், யார் மிதிக்கிறார்கள் என்று. தையல்காரர் பலகையில் தமிழ்தான் இருக்கிறது. அவருக்கு வேறு மொழி தேவைப்பட்டதே இல்லை.

பலகைக்கு முன்னால் மனை

பெயர்ப்பலகை சரி, அந்த இடத்தில் கடையே வைக்கலாமா என்பது அதற்கு முந்திய கேள்வி. இங்கேதான் நம்மவர்கள் பலர் ஏமாறுகிறார்கள். பட்டா இருக்கிறது, பத்திரம் இருக்கிறது, வில்லங்கச் சான்று சுத்தமாயிருக்கிறது, இன்னும் என்ன என்கிறார்கள். இவையெல்லாம் நிலம் யாருடையது என்றுதான் சொல்லும். அங்கே என்ன கட்டலாம், என்ன தொழில் செய்யலாம் என்று ஒரு வார்த்தைகூடச் சொல்லாது. அதைச் சொல்வது நில உபயோக வரைபடம். 1971-ஆம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டத்தின்கீழ்ப் போடும் திட்டங்களில் ஒவ்வொரு சர்வே எண்ணுக்கும் ஒரு நிறம் பூசியிருப்பார்கள்: குடியிருப்பு, கலப்புக் குடியிருப்பு, வணிகம், தொழிற்சாலை, நிறுவனம், திறந்தவெளி, விவசாயம் என்று. சென்னைக்கு இப்படி வந்த இரண்டாவது பெருந்திட்டம் 2008 செப்டம்பரில் ஒப்புதல் பெற்று 2026 வரைக்கும் என்று போடப்பட்டது. சென்னை வட்டாரத்தில் பெருநகர் வளர்ச்சிக் குழுமத்திடமும், மற்ற ஊர்களில் நகர் ஊரமைப்பு அலுவலகத்திடமும் சர்வே எண்ணைச் சொல்லி அந்த மனையின் ஜாதகத்தைக் கேட்டு வாங்கலாம். கல்யாணத்துக்குப் பொருத்தம் பார்ப்பவர்கள், ஆயுள் முழுவதும் சேர்த்த பணத்தை மண்ணில் போடுமுன் இந்தப் பொருத்தத்தைப் பார்ப்பதில்லை!

பார்க்காததால் வந்த கஷ்டத்தை 2016-இல் கண்டோம். அங்கீகாரமில்லாத மனைகளைப் பதிவு செய்யக் கூடாது என்று அந்த ஆண்டு செப்டம்பரில் உயர் நீதிமன்றம் தடை போட்டது. தவணை கட்டி மனை வாங்கிய மில் தொழிலாளியும் டிரைவரும் திகைத்து நின்றார்கள். 2016 அக்டோபர் 20-க்கு முன் போட்ட மனைகளை வரன்முறைப்படுத்த 2017-இல் திட்டம் வந்தது. அதற்கும் கட்டணம் கட்டியவர் யார்? வயலைத் துண்டுபோட்டு விற்றுவிட்டுப் போன புரோக்கரா? வாங்கியவர்தான்.

இதே ‘வரன்முறை’ என்ற வார்த்தை மேல்தட்டுக்குப் போனால் எவ்வளவு இனிமையாகிவிடுகிறது பாருங்கள். விதியிலிருந்து விலக்களிக்க அரசுக்கு அதிகாரம் தரும் 113-ஆவது பிரிவு அந்தச் சட்டத்திலேயே இருக்கிறது. அதைக் கொண்டு கொடுத்த 62 விலக்கு ஆணைகளை 2000-ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் அடித்துத் தள்ளியது. மீறிக் கட்டியவர்கள் பணம் கட்டித் தப்பிக்க 1998-இல் 113-ஏ பிரிவு வந்தது. ஒரு தடவைக்கு மட்டும் என்றார்கள். பிறகு கெடுவை மறுபடி மறுபடி நீட்டினார்கள். அந்த நீட்டிப்புகளை 2006-இல் உயர் நீதிமன்றம் ரத்துச் செய்தது. விட்டார்களா? 2007 ஜூலைக்கு முன் கட்டியவற்றுக்கென்று 113-சி பிரிவு வந்தது. ஆட்சிகள் மாறின, எண்ணுக்குப் பின்னால் உள்ள எழுத்தும் மாறியது.

நடுவே என்ன நடந்தது? 2008 செப்டம்பரில் தியாகராய நகரில் ஒரு பெரிய கடையில் தீப்பிடித்து, ஊழியர்கள் இரண்டு பேர் மாண்டார்கள். 2011 அக்டோபர் கடைசியில் ரங்கநாதன் தெருவிலும் சுற்றிலும் விதி மீறிய கட்டடங்களுக்குச் சீல் வைத்தார்கள். 2012 ஜனவரியில் உச்ச நீதிமன்ற உத்தரவின்பேரில் தற்காலிகமாகத் திறந்தார்கள். 2017 மே 31-இல் அதே தியாகராய நகரில் ஏழெட்டு மாடித் துணிக்கடை ஒன்று எரிந்து, இடித்துத் தள்ளும்படி ஆயிற்று. அங்கே வேலை செய்கிறவர்கள் நம் கிராமத்துப் பிள்ளைகள். கட்டடத்துக்கு அனுமதி இருக்கிறதா, மாடிப்படி அகலமா என்று வேலைக்குச் சேரும்போது கேட்க அவர்களுக்கு ஏது வாய்?

அனுமதிக் காகிதம் இருந்தால் மட்டும் போதும் என்றும் சொல்லிவிட முடியாது. 2014 ஜூன் 28-இல் மௌலிவாக்கத்தில் இடிந்து 61 பேரைப் புதைத்த 11 மாடிக் கட்டடத்துக்கு அனுமதிக் காகிதம் இருந்தது. காகிதம் கொடுத்தபின் மண்ணையும் கம்பியையும் போய்ப் பார்க்கிற கண்தான் இல்லை. 2024 ஜூலையில் 2,500 சதுர அடி மனையில் 3,500 சதுர அடிக்குள் வீடு கட்டுவோருக்குச் சுயசான்று முறை வந்தது. அலைச்சலும் கைக்கூலியும் குறையும், நல்லது. ஆனால் அது குடியிருக்கும் வீட்டுக்கு. முன்னால் ஒரு கடை போட்டு வாடகைக்கு விடலாம் என்ற எண்ணமிருந்தால் அந்தக் கதவு வழியாகப் போக முடியாது. பொய்ச் சான்று கொடுத்தால் பழியும் சொந்தக்காரர் தலையில்தான்.

நம் வீட்டுப் பலகை

இவ்வளவும் மற்றவர்களைப் பற்றி. இனி நம்மைப் பற்றி.

2019 செப்டம்பர் 12-இல் பள்ளிக்கரணையில் இரு சக்கர வண்டியில் போன 23 வயதுப் பெண் பொறியாளர்மேல் சாலை நடுவில் கட்டிய பேனர் விழுந்தது. தடுமாறி விழுந்தவர்மேல் பின்னால் வந்த தண்ணீர் லாரி ஏறியது. அந்தப் பேனர் சோப்புக்கும் இல்லை, சேலைக்கும் இல்லை. கட்சிப் பிரமுகர் வீட்டுத் திருமணத்துக்கு வைத்தது. அரசியல் கட்சிகள் பேனர் வைக்கக் கூடாது என்று 2018 டிசம்பரிலேயே உயர் நீதிமன்றம் உத்தரவு போட்டிருந்தது. ஒன்பது மாதத்தில் அந்த உத்தரவின் கதி இது! நீதிமன்றம் அந்தக் குடும்பத்துக்கு 5 லட்ச ரூபாய் இடைக்கால நஷ்டஈடு தரச் சொல்லியது. கட்சிகள் வரிசையாகத் தொண்டர்களுக்கு அறிக்கை விட்டன. சில மாதம் சாலை சுத்தமாயிருந்தது. பிறகு?

பிறந்தநாள், காதணி விழா, புதுப் பதவி, தலைவர் வருகை, எதற்கும் பிளெக்ஸ்தான். அனுமதி வாங்கினாயா தம்பி என்று கேட்டால், “நம்ம ஆட்களை யார் கேட்பார்கள்?” என்று சிரிக்கிறார்கள். எந்த ஆட்சி வந்தாலும் இந்தச் சிரிப்பு மட்டும் மாறுவதில்லை. காட்கோபரில் அந்தப் பலகை நின்றதும் இதே தைரியத்தில்தான். 14,400 சதுர அடிக்கும் நம் எட்டடிப் பிளெக்ஸுக்கும் அளவில்தான் வித்தியாசம். கூட்டத்துக்கு விளம்பரம் வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. அனுமதி கேளுங்கள், அனுமதி எண்ணையும் தேதியையும் அச்சடித்தவர் பெயரையும் பேனரின் அடியில் போட வேண்டும் என்பது விதி, போடுங்கள், கூட்டம் முடிந்த இரவே கழியோடு அவிழ்த்துவிடுங்கள். சாலை நடுத்திட்டில் ஒரு கழியும் நட வேண்டாம். அதைச் செய்தபிறகு வார்டு அலுவலகத்துக்குப் போய், இந்த வார்டில் எத்தனை பலகைக்கு உரிமம் இருக்கிறது, எந்தத் தேதி வரைக்கும் என்று பட்டியல் கேளுங்கள். தராவிட்டால் தகவல் அறியும் சட்டத்தில் மனுப் போடுங்கள். நம் பேனர் அனுமதியில்லாமல் தொங்கும்போது இந்தக் கேள்வியைக் கேட்கப் போனால், குமாஸ்தா ஜன்னல் வழியாகக் கையைக் காட்டுவார்.

சென்னைத் தோழர்களுக்கு இன்னொரு வேலையும் இருக்கிறது. மூன்றாவது பெருந்திட்டத்துக்காக 2022-இல் மக்களிடம் கருத்துக் கேட்டார்கள். சட்டப்படி நகல் திட்டத்தை வெளியிட்டு ஆட்சேபம் கேட்டாக வேண்டும். எந்தச் சேரியின்மேல் எந்த நிறம் பூசுகிறார்கள், எந்த ஏரிக்கரை வணிகமாகிறது என்பதை அந்த வரைபடம் காட்டும். பெரிய மனைக் கம்பெனிகள் வக்கீலோடு உட்கார்ந்து அதைப் பார்ப்பார்கள். சங்க அலுவலகங்களிலும் ஒரு பிரதி இருக்க வேண்டும். ஆட்சேபக் கெடு முடிந்தபின் வரைபடத்தைப் பார்த்துப் புலம்பினால் பூசிய நிறம் மாறாது.

பலகை ஏற்றும் தொழிலாளிகளைப் பற்றி ஒரு சொல். இவர்களில் பெரும்பாலோர் எந்தச் சங்கத்திலும் இல்லை. இன்று இந்த ஊர், நாளை அந்த ஊர். இடுப்பில் கட்டப் பெல்ட் கிடையாது. காற்று வந்தால் இறங்கு என்று சொல்ல மேஸ்திரி கிடையாது. விழுந்து செத்தால், ‘எங்கள் ஆள் இல்லை, காண்டிராக்டர் ஆள்’ என்று கம்பெனி கை கழுவும். கழுவ விடாதீர்கள். தன் தொழிலின் பகுதியான வேலையைக் காண்டிராக்டருக்கு விட்டாலும், மாண்ட தொழிலாளிக்கு நஷ்டஈடு தரும் பொறுப்பு மூலமுதலாளிக்கு உண்டு என்று 1923-ஆம் ஆண்டு நஷ்டஈட்டுச் சட்டமே சொன்னது. 2020-இல் வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் அந்த ஏற்பாடு இருக்கிறது. ஆகவே விபத்து நடந்த இடத்துக்கு முதலில் போகும் தோழர் செய்ய வேண்டிய காரியம், பலகையில் உரிம எண் இருக்கிறதா என்று பார்த்து, கம்பெனி பெயரோடு படம் எடுத்துவைப்பது. பொழுது விடிவதற்குள் அந்தப் பலகையை அகற்றிவிடுவார்கள்.